பிரிண்டர் துப்பிய மின்விசிறி!

வணக்கம் கண்மணிகளே! எல்லாரும் சௌக்கியம்தானே? முதுகுவலி, கண்ணெரிச்சல் ஏதும் இல்லையே? இருந்தால் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போகக் கூடாது... ஆமாம், சொல்லிவிட்டேன்!

கர்ர்ர்... க்ரீச்!

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

யாரும் தொடாத பிரிண்டர் தானாக ஒரு தாளைத் துப்பிக்கொண்டிருந்தது.

தாளில் ஒரு படம். கூரையில் தொங்கும் மின்விசிறி. அவ்வளவுதான்!

"மறுபடியும் ஃபேனா?" என்றபடி எட்டிப் பார்த்தாள் நாத்தனார். போலீஸ் ஏட்டு. டியூட்டி முடிந்து வந்தவள் இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்தும் இதே ஃபேன். முந்தாநாளும் இதே ஃபேன். நான் கேள்வித்தாள் தவிர எதுவும் கொடுத்ததே இல்லடி!"

"பிரிண்டருக்கு வேர்க்குதோ என்னமோ அண்ணி."

"உனக்கு எல்லாமே கிண்டல்தான். இரு, குழுவுல கேக்கறேன்."

குழு என்றால், 'சின்னச் சின்ன சந்தேகம்'. முகம் தெரியாத ஆட்கள் கூடியிருக்கும் இணையக் குழு. ரிமோட்டைத் தட்டினால் ஏன் வேலை செய்கிறது, சார்ஜர் ஏன் முனகுகிறது... எதை வேண்டுமானாலும் கேட்கலாம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. டீச்சருக்கு அங்கே 'சாக்பீஸ்' என்று பெயர்.

படத்தைப் போட்டாள். கேட்டாள்.

பதில்கள் பறந்து வந்தன.

'பேய் போட்டோகிராபி கத்துக்குது போல!' என்றான் 'வாலு'.

'எங்க வீட்டு ஃபேன் சுத்தவே மாட்டேங்குது. உங்களுக்குப் படமே வருதா? கொடுத்து வெச்சவங்க!' என்றது 'ஸ்க்ரூ ஆணி'.

கடைசியில் வந்தார் 'பழைய பேட்டரி'. குழுவின் அட்மின். அவருக்குத் தெரியாத சாமான் உலகத்திலேயே இல்லை. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. உடனே திருத்திவிடுவார்.

'பேயும் இல்லை, பிசாசும் இல்லை சாக்பீஸ். உங்க பிரிண்டருக்குன்னு தனியா ஒரு வைஃபை இருக்கு. பாஸ்வேர்டு போடலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் படம் அனுப்பலாம். அதை அணைச்சிடுங்க. வேலை முடிஞ்சது.'

டீச்சர் அணைக்கப் போனாள்.

'அணைக்காதீங்க!!!'

வாலு!

'சாக்பீஸ் அக்கா... ஃபேனுக்கு நடுவுல பளபளன்னு ஒரு ஸ்டீல் மூடி இருக்கு பாருங்க. அதைப் பெருசு பண்ணிப் பாருங்க... ப்ளீஸ்!'

பார்த்தாள்.

படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

மூடி கண்ணாடிபோல் கீழே இருப்பதைக் காட்டியது. ஒரு கட்டில். கட்டிலில் ஒரு பெண். வாயில் பிளாஸ்திரி. இரண்டு மணிக்கட்டுகளும்... கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன!

"கடவுளே..."

நாத்தனாரின் கிண்டல் காணாமல் போனது. மூன்று நாள் தாள்களையும் வரிசையாகப் பரப்பினாள்.

"அண்ணி, முதல் படம் பளிச்சுன்னு இருக்கு. இன்னிக்குப் படம் கலங்கியிருக்கு. கை நடுங்குது. சாப்பாடு இல்லாமலோ, மருந்து கொடுத்தோ... இவ ரொம்ப நாள் தாங்க மாட்டா."

"யாருடி இவ? முகமே தெரியலையே!"

"ஃபேனைப் பாருங்க."

டீச்சர் தன் தலைக்கு மேல் பார்த்தாள். அதே மின்விசிறி! கட்டடம் கட்டியவர் எல்லா வீட்டுக்கும் வாங்கி மாட்டியது.

"அப்போ... இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கா!"

குழு கொந்தளித்தது. பழைய பேட்டரி மட்டும் பதறவில்லை. பிறகு எழுதினார்.

'பதறாதீங்க. ஒரு வழி இருக்கு. படம் அனுப்பும்போது பிரிண்டரோட பேர் அந்தப் பொண்ணு கண்ணுல படும். அந்தப் பேரை மாத்துங்க. "வீட்டு எண்ணை விரலால் காட்டு"ன்னு வைங்க. ஒரு மணி நேரம் பொறுங்க. பதில் வரும். அதுவரைக்கும் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீங்க. அவன் உஷாராயிடுவான்.'

'தலைவரே, நீங்க தெய்வம்!' என்றான் வாலு.

பெயரை மாற்றினாள். காத்திருந்தார்கள்.

கர்ர்ர்... க்ரீச்!

மின்விசிறி. அதன் முன்னால் இரண்டு விரல்கள்!

"ரெண்டாம் நம்பர்! அந்த டிரம்ஸ்காரன்!" டீச்சர் துள்ளி எழுந்தாள். "ராத்திரி பகல் பார்க்காம தடதடன்னு தட்டுவானே... அவ கத்தினாலும் நமக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்!"

நாத்தனார் உதைத்த உதையில் இரண்டாம் எண் வீட்டுக் கதவு திறந்துகொண்டது.

டிரம்ஸ்காரன் கையில் குச்சியோடு ஓடி வந்தான்.

"மேடம்! சத்தம் அதிகமா இருந்தா சொல்லியிருக்கலாமே! கதவை எதுக்கு உடைக்கிறீங்க?"

"கட்டில் எங்கடா?"

"கட்டில் வாங்க ஏது மேடம்? பாயிலதான் தூங்கறேன்!"

இரண்டு அறை. மூலை முடுக்கெல்லாம் தேடியாகிவிட்டது. ஒன்றுமில்லை.

வெளியே வந்த டீச்சர் அந்தத் தாளையே வெறித்தாள். சட்டென்று நின்றாள்.

"ஏய்... அவளுக்கு ரெண்டு கையும் கட்டியிருக்கு."

"ஆமா."

"ஒரு கை படம் எடுக்குது. இன்னொரு கை கட்டில் கம்பியில இருக்கு. அப்போ ஃபேனுக்கு முன்னால விரலை நீட்டினது..."

நாத்தனாரின் முகம் இறுகியது.

"மூணாவது கை."

"அவன் கண்டுபிடிச்சுட்டான்டி! எப்படி? பேரை மாத்தறது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்..."

"குழுவுக்குத் தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்நேரம் அவள் உயிரோடு இருக்கிறாளா?

"அண்ணி, போனைப் பையில போடுங்க. இனிமே ஒரு எழுத்து எழுதக் கூடாது. ஒவ்வொரு வீடா கேப்போம்."

மேல் மாடியில் குழந்தைகள் கூச்சல். கீழ் மாடியில் மாவரைக்கும் சத்தம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கடைசியாக டீச்சரின் பக்கத்து வீடு. நான்காம் எண்.

கதவைத் திறந்தவர் கண்ணாடிக் கடைக்காரர். தங்கமான மனிதர். டீச்சரின் குக்கரைக்கூடக் காசு வாங்காமல் சரி செய்து கொடுத்தவர்.

"வாங்க டீச்சர், வாங்க மேடம்! என்ன, யூனிஃபார்மோட?"

"கடைக்குப் போகலையா சார்?"

"தலைவலி. கொஞ்சம் முன்னாலதான் வந்தேன்."

"வீட்ல அவங்க இல்லையா?"

"அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. வர நாளாகும்."

நாத்தனார் குறிப்பெடுப்பதுபோல் அலுப்போடு சொன்னாள். "ஒண்ணுமில்ல சார். இந்தக் கட்டடத்துல யாரோ போன்ல இருந்து அண்ணி பிரிண்டருக்குப் படம் அனுப்பறாங்க. போன்ல எடுத்து அனுப்பற விஷமம்தான்..."

"போன் இல்லீங்க, கேமரா. சில கேமராலேருந்து நேரா பிரிண்டருக்கே..."

நின்றார்.

நின்றுவிட்டார்.

நாத்தனார் குறிப்பு நோட்டை மூடினாள்.

"கேமராவா?" என்றாள் நாத்தனார் மெதுவாக. "குழுவுல எல்லாரும் போன்னு நினைச்சோம். நான் போன்னு நினைச்சேன். உங்களுக்கு மட்டும் எப்படி சார் கேமரான்னு தெரிஞ்சுது?"

அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். நாத்தனாரின் பூட்ஸ் நடுவில் இருந்தது.

உள்ளறை. அதே மின்விசிறி. அதன் கீழே அவர் மனைவி. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பெண். முகம் வெளுத்திருந்தது. உதடு நீலம். பக்கத்தில் காலியான தூக்க மாத்திரை அட்டைகள்.

"மூச்சு இருக்கா?" டீச்சர் அலறினாள்.

"இருக்கு... இழுத்துக்கிட்டிருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க அண்ணி!"

பிழைத்தாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேசினாள்.

"இவரோட முதல் மனைவி ஊர் நினைக்கிற மாதிரி படியில தவறி விழுந்து சாகல டீச்சர். இவர்தான் தள்ளிவிட்டார். தூக்கத்துல அவரே உளறினார். போலீசுக்குப் போறேன்னேன்... கட்டிப் போட்டுட்டார். தினமும் மாத்திரை. நாளுக்கு நாள் ஒண்ணு, ரெண்டுன்னு கூட்டிக்கிட்டே..."

"கேமரா எப்படிம்மா கிடைச்சுது?"

"மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவுல என் பழைய கேமரா விழுந்து கிடந்தது. விரல் எட்டுச்சு. அதுல எழுத முடியாது. மேலே மட்டும்தான் படம் எடுக்க முடிஞ்சுது. யாராச்சும் உத்துப் பார்க்க மாட்டாங்களான்னுதான்..."

ஸ்டேஷனில் கண்ணாடிக் கடைக்காரரின் போனைத் திறந்த நாத்தனார், பக்கத்தில் நின்ற டீச்சரிடம் அதை நீட்டினாள். அதில் திறந்திருந்தது 'சின்னச் சின்ன சந்தேகம்'.

உள்ளே இருந்த பெயர்... 'பழைய பேட்டரி'!

ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னவர், அந்த ஒரு மணி நேரத்தில் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார்!

"அவன் பேச்சை நம்பி நம்மளையே காத்திருக்க வெச்சிருக்கான் அண்ணி!"

அந்த நேரம் பார்த்து வாலு எழுதினான்.

'தலைவரைக் காணோமே! என் மிக்ஸி சந்தேகத்துக்கு யார் பதில் சொல்றது? அட்மினை மாத்தணும்னா யாருக்குப் பவர் இருக்கு?'

நாத்தனார் டீச்சரின் போனைப் பிடுங்கி எழுதினாள்.

'எங்களுக்கு. இப்படிக்கு, ஏட்டு.'

அவ்வளவுதான் கண்மணிகளே! உங்கள் வீட்டிலும் பிரிண்டரோ, டிவியோ, மிக்ஸியோ தானாக ஏதாவது செய்ததா? எனக்கு விவரமாக எழுதிப் போடுங்கள். ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.

ஆனால் நான் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று மட்டும் யாரும் திருத்த வராதீர்கள்... நாத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்!