ஈறு நிறத்து மல்லன்

பனச்சமூட்டை நெருங்கும் வளைவில் அரசுப் பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான்... ஷைலஜாவின் மடியிலிருந்த அட்டைப்பெட்டி நழுவிப் பக்கத்து இருக்கையில் விழுந்தது. கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு மலை, பிடி தவறி அதன்மேல் அமர்ந்தது.

நறுக்!

"ஐயோ... எனக்க பல்லு!"

மலை துள்ளி எழுந்தது. பிளந்த பெட்டிக்குள்ளிருந்து இருபத்தெட்டுப் பற்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன.

"எனக்க அம்மோ!" என்று அவன் பின்வாங்கிய வேகத்தில் நடத்துநர் படிக்கட்டு வரை போய் நின்றார். பேருந்தே குலுங்கிச் சிரித்தது.

"ஆறடி ஆளு, பல்லு செட்டப் பாத்துப் பயப்படுதீங்களே... நாணமில்லியா?"

"கடிச்சா யாரு சமாதானம் சொல்லுவா, டாக்டரே?"

"டாக்டரில்ல. பல்லு செய்யுதவளாக்கும். விஜயம்மா அக்காக்க மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். இனி அவங்க வாயப் பொத்திக்கிட்டுதான் பந்தலில நிக்கணும்!"

கோபத்தோடுதான் நிமிர்ந்தாள். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்திய வானம்போல் இருண்டு, குளிர்ந்து, குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டு நின்ற கண்கள்! சன்னலுக்கு வெளியே, வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பொழிந்துகொண்டிருந்தது. சொல்ல வந்த இரண்டாவது வசை, அவள் நாவிலேயே நனைந்துபோயிற்று.

அவன் பெயர் சுந்தரதாஸ். காலையில் ரப்பர் பால் வெட்டு. மாலையில் பனச்சமூட்டுக் கோதாவில் மல்யுத்தம். செய்த தவற்றுக்கு முதுகு காட்டும் பழக்கம் அவனுக்கு இல்லை. அவளோடே மறுபேருந்தில் ஏறிப் பாறசாலைக்கு வந்தான். டாக்டர் கிருஷ்ணன்குட்டியின் பல் மருத்துவமனைப் பின்னறையில் இருந்த அவள் பட்டறையில், அவள் உடைந்த செட்டை ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்தான். 'நானே கொண்டுபோய்க் கொடுத்து, அக்காகிட்ட ஏச்சும் வாங்கிக்கிடுதேன்' என்றான்.

காத்திருந்த வேளையில்தான் அவன் அந்த அலமாரியைக் கண்டான். கேபிள் டி.வி. வீடுதோறும் நுழைந்திருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. திரையில் கண்ட மல்லர்களை, மிஞ்சிய மெழுகிலும் அக்ரிலிக்கிலும் ஷைலஜா ஒரு சாண் உயரத்துக்கு வடித்து நிறுத்தியிருந்தாள். தோளும் முழங்காலும் பல் கம்பியால் கோக்கப்பட்டவை. திருப்பினால் திரும்பும், மடக்கினால் மடங்கும்.

"எனக்கு ஒண்ணு செய்து தருவீங்களா? கையத் தூக்கி, ஜெயிச்சு நிக்கணும்."

"ஆருக்க உருவம்?"

"எனக்கதாக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு திருவிழாவிலும் கோதாக் கமிட்டிக்காரங்க எனக்கு 'கரும்பூதம்'ண்ணு பேரு போடுவாங்க. கொம்பு வச்ச தொப்பியும் தருவாங்க. வெளியூருல இருந்து வெளுத்த ஒருத்தன் வருவான். நான் விழணும்... அது முன்கூட்டியே பேசி வச்சதாக்கும். கடையில விக்குத பொம்மையிலயும் கறுத்தவன்தான் வில்லன். எனக்க அக்கா மக நீது கேக்கா, 'மாமா ஒரு தடவையும் ஜெயிக்க மாட்டீங்களா'ண்ணு. ஒரு தடவ... பொம்மையிலயாவது ஜெயிக்கலாமேண்ணு..."

வெள்ளை வெல்ல வேண்டும், கறுப்பு கவிழ வேண்டும் என்று எந்த நூலில் எழுதி வைத்தார்கள்? எந்தக் கோதா மண் நிறம் கேட்டு மனிதனைத் தாங்கியது? அந்தக் கேள்விகள் ஷைலஜாவின் நெஞ்சில் அன்று நெருப்பாய் விழுந்தன. "செய்து தாறேன்," என்றாள்.

மூன்று வாரம் அவன் வந்து வந்து நின்றான். அவள் நூலால் தோளகலம் அளந்தாள். புயத்தின் சுற்றளவை அளக்கையில் அவள் விரல் கணக்குத் தவறியது. ஆறு வருடமாக அந்நியர் வாய்களை அளந்து பழகிய விரல்!

"மூச்சப் பிடிக்காதீங்க பயில்வானே, அளவு தப்பும்."

"நான் பிடிக்கல்ல, டாக்டரே... தானே நிக்குது."

மெழுகில் வடித்தாள். பிளாஸ்டரில் அச்செடுத்தாள். அச்சுக்குள் அக்ரிலிக் பொடியைக் குழைத்து அடைத்து, கொதிநீரில் வேகவைத்து, அரத்தால் தேய்த்து, மெருகேற்றினாள். விலாவெலும்பு விலாவெலும்பாக, நரம்பு நரம்பாக அவனே நின்றான். வலக்கை வானை நோக்கி உயர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அதை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புகழ்ச்சிக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் கண்களில் ஏதோ ஒன்று அணைந்தது.

"நல்லா இருக்கு," என்றான் மெதுவாக. "ஆனா இது நானில்லியே. வெளுப்பிச்சாத்தான் ஜெயிக்க முடியும்ண்ணு... நீங்களும் நெனச்சிட்டீங்க, இல்லியா?"

அவள் அப்போதுதான் பார்த்தாள். பொம்மை இளஞ்சிவப்பாய் இருந்தது! செயற்கை ஈறு செய்யும் பொடி அது. பல் செய்வோர் வழக்கத்தில் அதற்குப் பெயரே 'தசைநிறப் பொடி'. ஆறு வருடமாக அந்த டின்னைத் திறந்து மூடிய கைக்கு, தசை என்றால் அந்த நிறம்தான். வேறு நிறத்தில் தசை இருக்கும் என்று அந்தக் கை ஒரு நாளும் எண்ணியதில்லை.

'தப்பாகிவிட்டது' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வார உழைப்பின் கர்வம் முந்திக்கொண்டது.

"இஞ்ச உள்ள பொடி இதுதான். வேண்டாம்ண்ணா வச்சிட்டுப் போங்க!"

வைத்தான். மழையில் இறங்கினான். குடையை விரிக்கக்கூட இல்லை.

வீட்டில் அம்மா சுகிர்தபாய் முகமெல்லாம் மலர்ச்சியாய்க் காத்திருந்தாள். கையில் ஸ்டுடியோவிலிருந்து வந்த புகைப்படம்.

"பாரு மக்களே! நெய்யாற்றின்கரைக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சிட்டு. ஞாயிற்றுக்கிழமை பெண்ணு பாக்க வாறாங்களாம்."

ஷைலஜா வாங்கிப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"நீதான் பிள்ளே! ஸ்டுடியோக்காரன் கொஞ்சம் வெளுப்பிச்சுத் தந்தான்."

"எனக்க காது, எனக்க மூக்கு... நெறம் மட்டும் அடுத்த வீட்டுதா? அவங்க வரும்போ நான் எங்க போய் ஒளிய?"

"மூணு பேரு வந்து காப்பி குடிச்சிட்டு, ஒண்ணும் சொல்லாமப் போனதை நீ மறந்தாலும் நான் மறப்பேனா மக்களே? ஊரு உன்னயக் கொறச்சுச் சொல்லும்போ எனக்க நெஞ்சுதானே கிடந்து வேகுது..."

அம்மாவின் கண்ணீரில் கொடுமை இல்லை. ஊர் அவளுக்குக் கற்பித்த அச்சம் இருந்தது. ஆனாலும்... அந்தப் படத்துப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க ஷைலஜாவுக்கு மூச்சு முட்டியது. யாரோ தன்னைத் துடைத்து எடுத்துவிட்டு, தன் இடத்தில் ஒரு சிவந்த பொம்மையை நிறுத்திவிட்டதுபோல்...

'இதையே அல்லவா நான் அவருக்குச் செய்தேன்!'

மறுநாள் விடிந்ததும் அவள் பட்டறைக்கு ஓடினாள். பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்க அங்கே ஒரு வளையம் உண்டு. வெள்ளையில் மட்டும் பதினாறு சாயல்கள்! வெள்ளைக்குப் பதினாறு பெயர் வைத்த உலகம், கறுப்பை ஒரே பெயரில் முடித்துக்கொண்டதே! சிரட்டைக்கரியை மாவாய் இடித்தாள். செங்காவியைச் சலித்தாள். நிறமற்ற பொடியில் இரண்டையும் சேர்த்து, நகமளவு வில்லைகளாய் ஏழு சாயல் வார்த்து, ஒரு கம்பி வளையத்தில் கோத்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசிவிட்டு, அந்தி சாயும்போது பனச்சமூட்டுப் பேருந்தில் ஏறினாள்.

கோதா என்பது ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓலைக்கொட்டகை. எண்ணெய் பூசிய எட்டுப் பேர் மண்ணில் மோதிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெண்ணும் மிதித்திராத அந்த வரம்பை ஷைலஜா தாண்டி உள்ளே போனாள்.

"எலே சுந்தரா, உன்னயத் தேடி ஒரு கொச்சுப் பெண்ணு வந்திருக்கு!" என்று கூவினான் ராபின்சன் என்னும் மல்லன்.

சுந்தரதாஸ் துண்டால் மார்பை மூடிக்கொண்டு வந்தான். முகம் இறுகியிருந்தது.

"கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"தப்பு செய்தேன். திருத்தணும். நீட்டுங்க பயில்வானே!"

நீட்டினான். அவள் ஒவ்வொரு வில்லையாய் அவன் புயத்தில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு... வெளிறியது. மூன்று... போதாது. ஐந்தாவது வில்லை, தோலில் வைத்ததும் காணாமற்போயிற்று!

"இதாக்கும் உங்க நெறம். பொடி குழைச்சாச்சு. புதன்கிழமை புதுசு தாறேன். அதுக்க கை உயர்ந்தே இருக்கும்."

அவன் அந்த வில்லையை விரலால் தடவிப் பார்த்தான். "அடுத்த திருவிழாவுக்கு அந்தத் தொப்பி வேண்டாம்ண்ணு கமிட்டிக்குச் சொல்லிட்டேன். விழுந்தாலும் உண்மையா விழுவேன்," என்றான். பிறகு, "பக்கத்துல உள்ள நாலாவது... அது யாருக்க நெறம்?"

மழை ஓலைமேல் தாளமிட்டது. அவள் தன் முன்கையில் நான்காவது வில்லையை வைத்தாள். அதுவும் காணாமற்போயிற்று.

"அடுத்தடுத்துக் கோத்திருக்கீங்களே..."

"கரி ஒரு சிட்டிகைதான் வித்தியாசம். அதனால அப்பிடி வந்துட்டு. பொய்... பொய் சொல்லுதேன். அப்பிடிக் கோக்கணும்ண்ணே கோத்தேன்." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நெய்யாற்றின்கரைக்காரங்க நாளைக்கு வரமாட்டாங்க. நான் வேண்டாம்ண்ணு சொல்லி, அந்தப் படத்தையும் கிழிச்சிட்டேன்."

"நான் ரப்பர் வெட்டுதவன் பிள்ளே."

"நான் பல்லு செய்யுதவ."

"ஒங்க அம்மை?"

"அழுதாங்க. பிறகு 'ஆளு எப்பிடி'ண்ணு கேட்டாங்க. எனக்க கைய நீட்டிக் காட்டி, 'இதவிட ஒரு சிட்டிகை கரி கூடுதல்'ண்ணேன்."

எட்டூர் மல்லரையும் எதிர்கொண்ட அந்த மார்பு ஏறி இறங்கியது. "ஷைலஜா..." என்றான். முதன்முறையாக அந்தப் பெயர்! பிறகு, பக்கத்தில் நின்றவளுக்கும் எட்டாத மென்குரலில், "எனக்கு உன்னய இஷ்டமாக்கும்," என்றான்.

"கேக்கல்ல."

"இஷ்டமாக்கும்!"

"எனக்கும்!" என்றாள் ஷைலஜா... மழைக்கும் மேலாக, அவன் கையைப் பற்றி, தலை குனியாமல், கொட்டகை முழுவதும் கேட்க. மண்ணில் கட்டிப் புரண்டவர்கள் பிடியை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அவன் கையை விடவில்லை.