விபத்தில்லாத ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாட்கள்

உலகத்திலேயே பாதுகாப்பான இடம், டப்பா மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் காயப் பதிவேடுதான். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாட்களாக அதற்குள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. விபத்து பேனாவிலிருந்துதான் வருகிறது, பேனாவை மூடி வைத்தால் வராது என்பது பதிவேட்டு எழுத்தரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவனுக்கு முன்னால் இருந்தவர், விரலில் தகரம் கீறினால்கூட ஆளை எதிரே உட்காரவைத்து, எந்த மெஷின், எத்தனை மணி, எந்தக் கை என்று கேட்டுக் கேட்டு எழுதுவாராம். இவன் அதை நடித்துக் காட்டினால் கேன்டீனே சிரிக்கும்.

இவன் வழி வேறு. அடிபட்டவரை மறுநாளே வரச்சொல்லிவிடுவான். வருகை அட்டையைத் தேய்த்துவிட்டு, அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். ஆள் வேலைக்கு வந்துவிட்டார், ஆகவே லீவு இல்லை, ஆகவே காயமும் இல்லை.

கட்டுத்துணிதான் உதைத்தது. ஆண்டின் கடைசி நாள் மதியம் முதலுதவிப் பெட்டியின் சீட்டைப் பார்த்தான். விபத்தே நடக்காத இடத்தில், ஒரே வாரத்தில் தொண்ணூறு சுருள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "மூணு மணிக்கு வருஷத் தொகுப்பைச் சுவர்ல ஒட்டணும். எல்லாம் பூஜ்யம்தானே?"

"பூஜ்யத்துக்குக் கீழ இடம் இருந்தா அங்கயும் போட்டுருவேன் சார்."

"பதிவேட்டைச் சீல் வெச்சு மேல அனுப்பிடு. அப்புறம் யாரும் திறக்க முடியாது."

துணி எங்கே போகிறது என்று கேட்கலாமென்று பதிவேட்டையும் கையிலெடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். கதவைத் தள்ளியதும் மருந்து நெடி வரும் என்று மூக்கைச் சுளித்தவனுக்கு வந்தது, பிரிக்காத புதுத்துணியின் வாசனை மட்டும்தான், வியர்வையோ ரத்தமோ மனித வாடையோ துளியும் கலக்காமல். சுவருக்கு அந்தப் பக்கம் மூடி அடிக்கும் அச்சு இயந்திரங்கள் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏழு நாற்காலிகளின் கால்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. முதல் நாற்காலியில் அவன் அக்காவின் கணவர். பத்து நாட்களுக்கு முன் அவருடைய வலது கைமேல் அச்சு இறங்கியிருந்தது.

"வாடா மாப்ள, பூஜ்யத்துக்குப் பொறந்தவனே."

"வலி எப்படி மாமா?"

"மொத நாள் உயிர் போச்சு. இப்ப சுத்தமா இல்ல. உங்கக்காதான் கட்டு மாத்தும்போதெல்லாம் அழுவுறா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

அன்று கட்டு மணிக்கட்டில் இருந்தது. இப்போது தோள்வரை ஏறியிருந்தது. முழங்கைப் பக்கம் லேசாகத் தொட்டான். தலையணைபோல அமுங்கியது. இன்னும் அழுத்தினான். துணிக்கு இந்தப் பக்கமிருந்த அவன் கட்டைவிரல், அந்தப் பக்கமிருந்த அவனுடைய ஆள்காட்டி விரலையே தொட்டது.

நடுவில் எதுவும் இல்லை.

"அமுக்கிப் பாத்துட்டியா," என்றார் மாமா, அமைதியாக.

மற்றவர்களைப் பார்த்தான். ஒருவருக்கு இடுப்புவரை துணி. ஒருவருக்குக் கழுத்துவரை. மூலை நாற்காலியில் துணி மட்டும். சட்டை போட்ட துணி. மார்பில் வருகை அட்டை.

"அது யாரு மாமா?"

"தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்காரு. தினம் ஒழுங்கா அட்டை தேய்க்கிறாரு." மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்படி உட்கார மாட்டேன்டா. இருபது வருஷம் இந்தக் கையாலதான் மூடி அடிச்சேன். நசுங்குச்சுன்னா நசுங்குச்சுன்னு எழுது. போனாலும் என் கையாப் போகட்டும்."

மணி மூன்றாக ஐந்து நிமிடம். வாசலில் மேலாளர்.

"பதிவேடு எங்கடா?"

"எழுதிட்டிருக்கேன் சார்."

"என்னத்தை?"

"நடந்ததை."

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு நாள். ஒரு வரியில கெடுக்கப் போறியா?"

"ஒரு வரியில முடியாது சார். பக்கம் பத்தாது போலிருக்கு."

மேலாளர் பதிவேட்டைப் பிடுங்க உள்ளே வந்தார். மூலை நாற்காலி மெல்லத் திரும்பியது. அவர் திரும்பிப் போன வேகத்தில் வராந்தாவில் காலணிச் சத்தம் ஓட்டமாகியது.

எழுதினான். மூன்றாம் எண் அச்சு. காலை பத்தே கால். வலது கை.

மாமா அலறினார். துணி புடைத்தது. மணிக்கட்டில் சிவப்பு ஊறியது. நாற்காலியைக் கடித்துவிடுவதுபோலக் குனிந்து, அழுகையும் சிரிப்புமாக, "வலிக்குதுடா மாப்ள," என்றார். "வலிக்குது."

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவன் போகவில்லை. அறைக்குத் திரும்பினான்.

நாற்காலிகள் தரையில் உராய்ந்தன. ஒன்று. இன்னொன்று. வரிசை. முதலில் வந்தது மூலை நாற்காலித் துணி. எதிரே உட்கார்ந்தது. எடையில்லை. அட்டையிலிருந்த புகைப்படத்திலும் துணிதான்.

ஓடவில்லை. பேனாவைத் திறந்தான். குனிந்தான்.

"எந்த மெஷின்?" என்று மெதுவாகக் கேட்டான்.

வாய் இருக்க வேண்டிய இடத்தில், பேச மூச்சிழுப்பதுபோலத் துணி உள்ளே குழிந்தது. இன்னும் உள்ளே. பின்மண்டைவரை.