மாதிரித் தளம்

முதலில் மூக்குக்குத்தான் தட்டுப்பட்டது. ரமலான் மாதம், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த நேரத்தில் கெய்ரோவில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், நெய்யில் பூண்டும் கொத்தமல்லியும் பொரிகிற வாசம் படியிறங்கி வந்து வயிற்றைக் கிள்ளும். இங்கே இருபத்திரண்டு மாடி, எண்பத்தெட்டு வீடு, எண்பத்தெட்டு அடுப்பு. ஒன்றிலிருந்தும் வாசம் இல்லை. சாக்பீஸ் தூளின் வாசம் மட்டும் கூடம் முழுக்க நின்றிருந்தது.

ரீஹாமுக்கு இந்தக் கட்டடத்தில் தெரியாத மூலை கிடையாது. வரைந்ததே அவள்தான். ஒரு தளத்தை மட்டும் வரைந்து, அதையே இருபத்திரண்டு முறை அடுக்கியிருந்தாள்; தொழிலில் அதற்கு மாதிரித் தளம் என்று பெயர். நடுவே வகுப்பறை, இரு பக்கமும் இரண்டிரண்டு வீடுகள். மேலிருந்து வரும் படி வகுப்பின் ஒரு கோடியில் முடியும். கீழே போகும் படி மறு கோடியில் தொடங்கும். எட்டு வயதோ எண்பது வயதோ, கரும்பலகையைப் பார்க்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. 'இங்கே படிப்பு முடிவதே இல்லை' என்று வரைபடத்தின் அடியில் எழுதிக் கைத்தட்டலும் வாங்கினாள். படம் உயிரோடு இருக்கட்டுமே என்று பெஞ்சுகளில் பன்னிரண்டு உருவங்களையும் வரைந்து வைத்தாள். மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், முக்காடு போட்ட ஒரு பெண். உம்மாவை நினைத்துத்தான் அதை வரைந்தாள்.

உம்மா தஹானி நான்காம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவள். ஒன்பதாவது மாடியில் வீடு கொடுத்து இங்கே கொண்டுவந்து விட்ட அன்று, குழந்தை மாதிரி விசும்பி விசும்பி அழுதாள். அந்த அழுகையைக் கேட்கச் சகிக்காமல் ரீஹாம் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நாற்பது நாளாயிற்று. மூன்று நாளாக உம்மா போனை எடுக்கவில்லை. இன்றைக்கு நோன்பு திறப்பதற்குள் அவளை அழைத்துப் போய்விட வேண்டும். இனி ஒரு நாளும் இங்கே விடுவதில்லை.

வாசலில் காவல்காரர் ரஜப், மூடிவைத்த மொச்சைக் கிண்ணத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஹாஜி, ஒரு வீட்லயும் அடுப்பு எரியலயா?"

"வகுப்பு நடக்குது இன்ஜினியரம்மா. மூணு நாளா விடவே இல்ல. எனக்குத்தான் எழுத்தும் வராது ஒண்ணும் வராது, தப்பிச்சேன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "போறதுன்னா சீக்கிரம் போய்ட்டு வாங்க."

லிஃப்ட் ஒன்பதில் திறந்தது. பன்னிரண்டு தலைகள் குனிந்திருந்தன; முன்பெஞ்சில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், குல்லாய் போட்ட ஒரு பையன். பன்னிரண்டு பென்சில்கள் ஒரே நேரத்தில் தாளில் உராய்ந்தன, ஒரே நேரத்தில் நின்றன, மறுபடி உராய்ந்தன. ஆசிரியர் இல்லை. ரீஹாம் முன்பெஞ்சுத் தாளை எட்டிப் பார்த்தாள். இங்கே படிப்பு முடிவதே இல்லை. இங்கே படிப்பு முடிவதே இல்லை. தாள் நிறைய அவளுடைய வாக்கியம்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு தலை நிமிர்ந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்! நாப்பது நாளா பெத்தவ இருக்காளா செத்தாளான்னு எட்டிப் பாக்கல..."

அப்பாடா! இந்த வசவைக் கேட்டதும் ரீஹாமுக்குப் போன உயிர் திரும்பிற்று. "தப்புதான் உம்மா. எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

உம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எத்தனை முறை பொத்தானை அழுத்தியும் லிஃப்ட் வரவில்லை. படியில் இறங்கினார்கள். "மெதுவாடி, முட்டி செத்துப் போச்சு," என்று உம்மா முனகிக்கொண்டே வந்தாள்.

எட்டாவது மாடி. அதே வகுப்பு. அதே வழுக்கைத் தலைக்காரர், அதே குல்லாய் போட்ட பையன். மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், உம்மா எழுதிக்கொண்டிருந்தாள்.

ரீஹாம் தன் பக்கத்தில் பார்த்தாள். உம்மா இருந்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"யாருடி அது?" உம்மாவின் குரல் நடுங்கிற்று.

"பாக்காத. நட."

ஏழாவது மாடியில் பெஞ்சிலிருந்தவள் நிமிர்ந்து, "ரீஹாம்," என்று கூப்பிட்டாள். உம்மாவின் குரல், கொஞ்சமும் பிசகாமல். ஆறாவது மாடியில் அவள் எழுந்தே விட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போடி, விட்டுட்டுப் போகாதடி," என்று விசும்பி விசும்பி அழுதாள். உம்மாவை இங்கே கொண்டுவந்து விட்ட அன்றைய அழுகை அது. காதைப் பொத்திக்கொள்ள ஒரு கை போதவில்லை. பக்கத்தில் இருந்த உம்மா பயத்தில் வாயடைத்துப்போய்க் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஐந்தாவது மாடி. பாதி வகுப்பைத் தாண்டும்போது மின்சாரம் போயிற்று; ஜன்னல் வெளிச்சமும் கூடவே அணைந்தது.

இருட்டு. பென்சில்கள் நின்றன. யாரோ இடித்தார்கள். கை நழுவிற்று.

"உம்மா!"

துணி உரசும் சத்தம். மூச்சு. வெகு பக்கத்தில் மூச்சு.

வெளிச்சம் வந்தது. இரண்டு உம்மாக்கள் எதிரே நின்றார்கள். ஒரே கறுப்பு அங்கி. ஒரே முக்காடு.

ஒருத்தி அழுதாள். "நான்தான்டி. ரீஹாம், நான்தான்டி உன் உம்மா!"

மற்றவள் ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

அழுகிறவள்தான் போலி. மேலே பார்த்தாளே, அழுதது பெஞ்சிலிருந்து எழுந்தவள்தானே. உம்மா பயத்தில் பேச்சற்றுப் போயிருந்தாள். ரீஹாம் பேசாதவளின் கையைப் பற்றிக்கொண்டு ஓடினாள். பின்னால் அழுகை படிவரை வந்தது. அவள் திரும்பவில்லை. இந்த அழுகைக்கு அன்றும் அவள் திரும்பவில்லை.

நான்கு. மூன்று. எந்த மாடியிலும் யாரும் தலை நிமிரவில்லை. இரண்டு. ஒன்று. உம்மா ஒரு முறைகூட முட்டி வலிக்கிறது என்று சொல்லவில்லை.

வாசல். வெளிக்காற்று. மணல் வாசம். ரஜப் எங்கேயும் இல்லை. கிண்ணம் மட்டும் இருந்தது. ஊரெங்கும் பள்ளிவாசல்களில் மக்ரிப் பாங்கு ஒன்றாக எழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! நோன்பு திற உம்மா." பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

பழம் வாயிலேயே இருந்தது. தாடை அசையவில்லை. கண் இமைக்கவில்லை. பாங்கு முடிந்தது. பழம் அப்படியே இருந்தது.

ரீஹாம் மெதுவாக மேலே பார்த்தாள்.

வகுப்பறைகளுக்கு மாடிக்கு ஒரு ஜன்னல். ஒன்பதாவது மாடி ஜன்னல் காலி; மற்ற ஒவ்வொன்றிலும் முக்காடு போட்ட ஒரு தலை, குனிந்து, எழுதிக்கொண்டிருந்தது. ஐந்தாவது மாடியில் மட்டும் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். சத்தம் கீழே வரவில்லை. வாய் மட்டும் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. அவளுக்குப் பின்னால் பதினோரு பேரும் எழுந்து வந்து, அவளுடைய தோள்களைப் பிடித்து, மெதுவாக உட்கார வைத்தார்கள். ஒருவர் அவள் கையில் பென்சிலைத் திணித்தார்.

"உம்மா!" ரீஹாம் வாசலை நோக்கிப் பாய்ந்தாள்.

பாய முடியவில்லை. அவள் பிடித்திருந்த கை இப்போது அவளைப் பிடித்திருந்தது.