பூட்டுக்கால், சும்மாக்கால்

ஐந்தாம் வகுப்பில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிட்டால் ஒரே ஒரு பெண்தான் திரும்பிப் பார்ப்பாள். வேகமாக ஓடுவதால் வந்த பட்டப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வேகமாகப் பேசுவாள். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டாள்.

அவளை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அந்த ஊரே அப்படித்தான். கடையில் நீங்கள் “ஒரு பேனா...” என்று ஆரம்பிப்பதற்குள் பேனாவும் மீதிச் சில்லறையும் உங்கள் கைக்கு வந்துவிடும். நீங்கள் கேட்க நினைத்தது பேனா மூடியாக இருக்கலாம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாருக்கு நேரம்?

எக்ஸ்பிரஸுக்கு இப்போது ஒரே ஒரு ஆசை இருந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் மூன்றுகால் ஓட்டத்தில் ஜெயிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு பேரின் கால்களில் ஒவ்வொன்றைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்படியே ஓட வேண்டும். போன வருடம் விசில் அடித்த மறுநொடியே அவள் குப்புற விழுந்து, மோவாயைத் தேய்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் மொத்தத்தையும் சிரிக்க வைத்திருந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் கேட்டது.

இந்த வருடம் ஓட வேண்டிய ஜோடிக்காரி மாடிப்படியில் தடுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆளப் புடிச்சிட்டு வா. இல்லைன்னா உன் பேரை அடிச்சிடுவேன்” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

எக்ஸ்பிரஸ் வகுப்பைச் சல்லடை போட்டுச் சலித்தாள். எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. மிச்சம் இருந்தது கடைசி பெஞ்சுப் புதுப்பெண் மட்டும்தான்.

அவளுக்கு வகுப்பு வைத்திருந்த பெயர் ‘நிதானம்’. வேறு ஊரிலிருந்து வந்தவள். கேள்வி கேட்டால் முதலில் கொஞ்சம் யோசிப்பாள். பிறகு ஒரு ‘ம்ம்...’ வரும். அதன் பின்னால் ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்து வரும். அதற்குள் வேறு நான்கு பேர் பதில் சொல்லி முடித்திருப்பார்கள். வந்த அன்றே பக்கத்தில் இருந்தவளிடம், “அழிலப்பர்... இருக்கா...?” என்று கேட்டாள். ரப்பரைத்தான் அவள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவள் எழுத்துத் தப்பானால் விரலாலேயே தேய்த்துக்கொண்டாள்.

எக்ஸ்பிரஸ் அவள் முன்னால் போய் நின்றாள். “என்னோட மூணுகால் ஓட்டம் ஓடுறியா?”

நிதானத்தின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “ம்ம்... வேண்டாம்...”

“சரி” என்று எக்ஸ்பிரஸ் திரும்பி வந்துவிட்டாள். எக்ஸ்பிரஸின் ஊர் வழக்கம் அது. வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி கேட்பது, ‘நீ சொன்னதை நான் நம்பவில்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதைப் போல.

சாயந்திரம் அம்மாவின் கடையில் உட்கார்ந்து புலம்பினாள். அம்மா பை ரிப்பேர் செய்பவர். அறுந்த வார், பிய்ந்த ஜிப், கிழிந்த ஸ்கூல் பை எல்லாம் அவர் தையல் மெஷினுக்கு வந்து சேரும்.

“வேண்டாம்னா விட்டுடு. அவங்க குடும்பமே அப்படித்தான்” என்றார் அம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. “அவ அப்பா பக்கத்துல சைக்கிள் கடை போட்டாரே, கடையில தண்ணி வசதி கிடையாது. நம்ம குழாயில புடிச்சுக்கோங்கண்ணேன்னு நானே போய்ச் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. தெருமுனையில இருந்து வாளி வாளியாத் தூக்குறாரு. என்ன வீம்போ!”

எக்ஸ்பிரஸ் எட்டிப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் பார்க்க வந்திருந்தார்.

“டீ... சாப்பிடுறீங்களா...?” என்று கேட்டார் கடைக்காரர்.

“வேண்டாங்க...”

“சாப்பிடலாமே...”

“இல்லீங்க... இப்பதான் குடிச்சேன்...”

“என்னோட ஒரு வாய்... சாப்பிடக் கூடாதா...?”

“ம்ம்... நீங்க இவ்வளவு சொல்லும்போது... சரி...”

டீ வந்தது. வந்தவர் அதைக் குடித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போதுதான் குடித்தவர் குடிக்கிற மாதிரியே இல்லை. இன்னொரு டம்ளரும் கேட்பார் போலிருந்தது.

‘பொய் சொல்லியிருக்காரே!’ என்று முதலில் நினைத்தாள் எக்ஸ்பிரஸ். அடுத்து, ‘இல்லையே, கடைக்காரருக்கும் அது தெரிஞ்சிருக்கே!’ என்று தோன்றியது. சட்டென்று எழுந்து நின்றாள்.

“அம்மா! அவங்க ஊர்ல மொதல்ல சொல்ற வேண்டாம் வெறும் மரியாதைம்மா! மூணு தடவ கேக்கணும்! நீ ஒரு தடவதானே கேட்ட?”

“மூணு தடவையா? எனக்கு வேற வேலை இல்லையா?” என்றார் அம்மா. ஆனாலும் மனசு கேட்கவில்லை. எழுந்து போய்ச் சைக்கிள் கடை வாசலில் நின்று, “தண்ணி எங்க குழாயிலயே புடிச்சுக்கோங்கண்ணே, புடிச்சுக்கோங்கண்ணே, புடிச்சுக்கோங்கண்ணே!” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கடைக்காரர் கையில் டியூபோடு அசந்துபோய் நின்றார். முதல் இரண்டு ‘வேண்டாம்’களைச் சொல்ல அவருக்கு இடைவெளியே கிடைக்கவில்லை. “சரிங்க தங்கச்சி...” என்றார், பெரிய சிரிப்போடு.

மறுநாள் காலை எக்ஸ்பிரஸ் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

“என்னோட ஓடுறியா?”

“ம்ம்...” இடைவெளி. எக்ஸ்பிரஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “வேண்டாம்...”

“ஓடேன்.”

மறுபடி இடைவெளி. இந்த முறை எக்ஸ்பிரஸ் வாயைக் கையாலேயே பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

“எனக்கு... அவ்வளவு வேகமா... வராதே...”

“நீ வந்தா எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும்.”

“அப்போ சரி” என்றாள் நிதானம். அவளைப் பொறுத்தவரை அது மின்னல் வேகம். “நேத்து நீ ஒரு தடவ கேட்டுட்டுப் போயிட்டியா... சும்மா பேச்சுக்குத்தான் நீ கேட்டன்னு நெனச்சு... ராத்திரி சரியாவே தூங்கல...”

பிடித்தாயிற்று ஜோடி. அம்மா பழைய பையின் வாரில் பஞ்சு வைத்துத் தைத்து, காலில் உறுத்தாத ஒரு கட்டும் செய்து கொடுத்தார். ஓடுவதுதான் பாக்கி.

அது அத்தனை சுலபமாக இல்லை. “ஒண்ணுரெண்டுஒண்ணுரெண்டு!” என்று எக்ஸ்பிரஸ் கத்திக்கொண்டு கிளம்பினாள். எண்ணிக்கை அவள் காலையும் முந்திக்கொண்டு ஓடியது. இருவரும் உருண்டார்கள். எழுந்தார்கள். மறுபடி உருண்டார்கள்.

“எங்க ஊர்ல... இப்படி எண்ண மாட்டோம்” என்றாள் நிதானம், முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே. “கட்டின காலு பூட்டுக்கால்... கட்டாதது சும்மாக்கால். பூட்டூ... சும்மா... பூட்டூ... சும்மா...ன்னு சொல்லணும்.”

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சும்மாக்காலா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைக் கேட்டு மைதானத்தில் இருந்த மற்ற ஜோடிகளும் சேர்ந்துகொண்டன. “பூட்டூஊஊ... சும்மாஆஆ...” என்று மூக்கால் பேசிக் காட்டினார்கள் இரட்டைப் பிள்ளைகள் இருவர். வருடா வருடம் ஜெயிக்கிறவர்கள் அவர்கள்தான்.

நிதானம் குனிந்து கட்டை அவிழ்த்தாள். “நான் ஓடல.”

எக்ஸ்பிரஸின் சிரிப்பு நின்றுவிட்டது. “இது... மரியாதைக்குச் சொல்றதா? நெசமாவே சொல்றதா?”

“நெசமாவே. அவங்க சிரிச்சாங்க. பரவாயில்ல. மொதல்ல நீதான் சிரிச்ச.”

அவள் நடந்து போனாள். எக்ஸ்பிரஸுக்கு வெட்கமாக இருந்தது. போன வருடம் தன்னைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தபோது எப்படி வலித்ததென்று அவளுக்கா தெரியாது?

மறுபடி போய் மூன்று தடவை கேட்கலாமா? கூடாது என்று முடிவு செய்தாள். நிஜமாகவே வேண்டாம் என்றவளைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் அது தொல்லை. ஆனால், கெடுத்தவள்தானே சரிசெய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் மைதானமே வேடிக்கை பார்த்தது. எக்ஸ்பிரஸ் தன் ஒரு காலோடு வகுப்பறைத் துடைப்பத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தின் தோளில் கை போட்டுக்கொண்ட மாதிரி ஒரு நடை. வாய் மட்டும் உரக்கக் கத்தியது.

“பூட்டு! சும்மா! பூட்டு! சும்மா!”

“துடைப்பம்தான் உன் ஜோடியா?” என்று கூவினார்கள் இரட்டையர். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆமா! பூட்டு! சும்மா!”

மைதானத்தின் அந்தக் கோடிவரை போனாள். திரும்பினாள். விழுந்தாள். எழுந்தாள். மோவாயில் மண். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று இந்த முறை அவளே முடிவு செய்திருந்ததால், அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. மறுபடி போனாள். மறுபடி வந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது. அந்த ஊரில் எதையும் ரொம்ப நேரம் செய்ய அவர்களால் முடியாதே!

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நிதானம் எழுந்து வந்தாள்.

“நீ... தப்பாச் சொல்ற.”

“எங்க தப்பு?”

“ரெண்டையும் ஒரே அளவாச் சொல்ற. பூட்டுக்கால் கனமான காலு... ரெண்டு பேரு சேர்ந்து தூக்கணும். அதுக்கு நேரம் வேணும். அதான் இழுக்கிறோம்... பூட்டூ. சும்மாக்கால் லேசு. அதை வெடுக்குன்னு சொல்லணும்.”

எக்ஸ்பிரஸ் சொல்லிப் பார்த்தாள். துடைப்பத்தோடுகூட நடை சரியாக வந்தது. அவள் கண்கள் விரிந்தன.

“நான் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ” என்றாள். சொல்லிவிட்டு, அவளுக்கே ஆச்சரியமாக, வேறெதுவும் பேசாமல் நின்றாள்.

நிதானம் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். பிறகு குனிந்து துடைப்பத்தை அவிழ்த்துச் சுவரோரம் சாத்தினாள். அந்த இடத்தில் தன் காலை வைத்தாள்.

“நீயே சொல்லு. நான் வாயத் திறக்கவே மாட்டேன்” என்றாள் எக்ஸ்பிரஸ்.

“முடியுமா...?”

“முடியாது. ஆனா பாக்குறேன்.”

அன்று மாலை விளையாட்டு ஆசிரியரிடம் இரண்டு பேராகப் போய்ப் பெயர் கொடுத்தார்கள்.

விழா அன்று சுண்ணாம்புக் கோட்டில் ஜோடிகள் வரிசையாக நின்றன. பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். விசில் ஒலித்தது.

“பூட்டூ... சும்மா! பூட்டூ... சும்மா!”

இரட்டையர் அம்பாகப் பறந்தார்கள். இடதுபக்க ஜோடி முந்தியது. வலதுபக்க ஜோடியும் முந்தியது. ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்ற சொல் எக்ஸ்பிரஸின் தொண்டைவரை வந்துவிட்டது. அதைத் தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்குகிற மாதிரி விழுங்கினாள்.

இடதுபக்க ஜோடி உருண்டது. வலதுபக்க ஜோடி ‘நீதான், நீதான்’ என்று நின்ற இடத்திலேயே சண்டை பிடித்தது. பாதி மைதானம் தாண்டியபோது முன்னால் இருந்தவர்கள் இரட்டையர் மட்டும்தான். அவர்கள் விழுகிறவர்கள் இல்லை.

எக்ஸ்பிரஸ் நிதானத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

நிதானமும் அவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பிடிவாதம் இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“பூட்டு-சும்! பூட்டு-சும்! பூட்டுசும் பூட்டுசும் பூட்டுசும்!”

அவள் இவ்வளவு வேகமாகப் பேசி அந்தப் பள்ளிக்கூடம் கேட்டதே இல்லை. அளவு மட்டும் மாறவே இல்லை. கனமான கால் நீண்டது, லேசான கால் வெட்டியது. கூட்டத்தில் சைக்கிள் கடைக்காரர் பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டார். பக்கத்தில் அம்மா, “ஓடுங்க, ஓடுங்க, ஓடுங்க!” என்று கத்தினார். இரட்டையர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் நான்கு கால்கள், மூன்றாகச் சேர்ந்து, அவர்களைத் தாண்டிக் கோட்டைத் தொட்டன.

விளையாட்டு ஆசிரியர் இருவர் கையையும் பிடித்து உயர்த்தினார். யாரோ முதுகில் தட்டினார்கள். இரட்டையரில் ஒருத்தி மூச்சு வாங்க ஓடிவந்து, “அந்தப் பூட்டு எங்களுக்கும் சொல்லித் தர்றியா?” என்று கேட்டாள்.

“ம்ம்...” என்று ஆரம்பித்தாள் நிதானம். இந்த முறை யாரும் நடுவில் புகுந்து முடிக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“தர்றேனே... மொதல்ல தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.”

இருவரும் மைதானத்தின் ஓரத்திலிருந்த தண்ணீர்க் குழாயை நோக்கி நடந்தார்கள். எக்ஸ்பிரஸ் பேசிக்கொண்டே போனாள், நிதானம் கேட்டுக்கொண்டே போனாள். குழாயைத் திறந்து, முகம் கழுவி, வயிறு முட்டக் குடித்து, திரும்பி வரும்போதுதான் காலில் கட்டு இன்னும் அப்படியே இருப்பதை இருவரும் பார்த்தார்கள்.