பற்றாத அடுப்பு

விறகடுப்பே இல்லாத வீட்டில் சாம்பல் விழுந்திருந்தது.

வெற்றிவேல் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கூடத்துச் சுவரில் முக்காலி, இடுக்கி, தோசைத் திருப்பி என்று பழைய அடுப்படி இரும்புகளை, கொல்லனின் சுத்தியல் தழும்பு வெளிச்சத்தில் தெரியும்படி வரிசையாக மாட்டி, 'வெற்றிவேல் சேகரிப்பு' என்று பித்தளைப் பலகையும் அடித்திருந்தார். கடைசியில் தொங்கிய ஊதாங்குழலின் வாய்க்கு நேர் கீழேதான் அந்தச் சாம்பல். ஜவ்வாது மலையில் வீடு கட்டி மூன்று மாதத்தில் மலைப் பண்பாட்டுக்கே காவலராகிவிட்டவர் அவர். சமையல் என்னவோ கரண்ட் அடுப்பில்தான்.

குழலை விற்ற மங்கம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வாய் வெச்சிட்டா, பத்துற வரிக்கும் வுடக்கூடாதுங்க. பாதியில வுட்டா, வெச்ச வாயி வேற எதையாவது பத்த வெச்சிட்டுதான் ஓயும்."

மூடநம்பிக்கை பற்றி அவளுக்குக் கால் மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஃபோட்டோவுக்காக ஒரே ஒரு ஊது ஊதினார்.

"நாயனக்காரர் மாதிரியே கீறீங்க," என்று சிரித்தபடி படமெடுத்தாள் மனைவி அன்பரசி.

அது ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

இன்று புதன். மதியத்திலிருந்து மழை. மலைப்பாதையில் மரம் சாய்ந்துவிட்டது, விடியட்டும் சார் என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்லும்போதே ஃபோன் செத்தது. மாத்திரை தீர்ந்துபோச்சு. கரண்டும் இல்லை. நெற்றியில் போட்ட ஈரத்துணி இஸ்திரிப் பெட்டி வாசனையோடு நொடியில் காய்ந்து மொடமொடத்தது.

உஃப்ப்...

சுவரிலிருந்து. ஒரு நீண்ட மூச்சு. அன்பரசி முனகினாள்.

உஃப்ப்...

மறுபடி முனகினாள். உடம்பு இன்னும் அதிகமாகச் சுட்டது.

வெற்றிவேல் ஓடிப்போய்க் குழலைப் பிடுங்கினார். உள்ளங்கை பொசுங்கியது. வாசலில் வீசினார். சேற்றில் சுர்ரென்று அடங்கியது.

அமைதி. மழை மட்டும்.

கட்டிலருகே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரிடமும் கெஞ்சினார். இவளை விட்டுடு.

"எரியுதுங்க," என்றாள் அன்பரசி. "கொஞ்சம் ஊதுங்களேன்."

சுடுசோற்றை ஆற்றுவது போலக் குனிந்து ஊதினார். அவள் கண்ணை மூடினாள். பாவம், இதமாக இருக்கிறது போலும். இன்னொன்று ஊதினார்.

போர்வைக்கடியில் ஏதோ சிவந்தது.

மூச்சை நிறுத்தினார். சிவப்பு மங்கியது. நீறு பூத்த கரி மாதிரி.

எழுந்திருக்கணும். முடியவில்லை. வாயை மூடணும். உதடு குவிந்தபடியே நின்றது. நாக்கில் இரும்பு ருசி. மூச்சு தானாக உள்ளே போனது. வேண்டாம். வேண்டாம்.

உஃப்ப்...

அவள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நடுவில் கனல்.

"போதுங்க," என்றாள். சொல்லோடு புகை வந்தது.

நாயனக்காரரைப் போல, வெற்றிவேலின் கன்னங்கள் மறுபடி உப்பின.