ஒதுங்கிப் போகும் கப்பல்

பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பேட்டரிகளைச் சரிபார்க்க இறங்கியிருந்த பேட்டரிக்காரர் மூடியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். தேநீர் மறுபடியும் அதே பக்கம்தான் சாய்ந்தது. கப்பலின் அடிவயிற்றில், அலமாரி அலமாரியாக அடுக்கிய பேட்டரிகளுக்கு நடுவில், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் மின்விசிறிகளின் ரீங்காரமும் தவிர வேறொன்றும் எட்டாத அந்த அறையில், கப்பல் கரையை விட்டுக் கிளம்பிவிட்டதை அவருக்கு யார் சொல்வது? சத்தமே போடாத கப்பல் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவரே அவர்தான்.

மேல்தளத்துக்கு ஓடி வந்தபோது துறைமுகம் சின்னதாகியிருந்தது. ஆளில்லாமல் தானே ஓடும் கப்பல். படுக்கை கிடையாது, அடுப்பு கிடையாது, குடிக்க ஒரு குழாய் கிடையாது, பிடித்துத் திருப்ப ஒரு சுக்கான்கூடக் கிடையாது. நல்ல வேளையாகக் கரையோரமாகவே போனதால் போனில் சிக்னல் இருந்தது. கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார்.

"கப்பல்ல யாரும் இல்லைன்னுதான் சார் காட்டுது," என்றாள் அங்கிருந்த பெண்.

"அட, அதுலேருந்துதாம்மா பேசறேன்!"

"நடுவழியில நிறுத்தற அதிகாரம் எங்களுக்கு இல்ல சார். மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றோம்."

கப்பல் நிற்கப்போகும் அடுத்த துறைமுகத்துக்கு இரண்டு வாரம் ஆகும். அடுத்து வீட்டுக்குப் போன் போட்டார்.

மனைவியின் தம்பியிடம் மரப்படகு இருந்தது. சேதி கேட்ட மாத்திரத்தில் கிளம்பி, சாயங்காலத்துக்குள் கண்ணில் பட்டுவிட்டான். பேட்டரிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் படகு நெருங்க நெருங்க, கப்பல் மரியாதையாக விலகிப் போனது. எது எதிரே வந்தாலும் மோதாமல் ஒதுங்கு என்பதுதான் அதற்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். அவன் எத்தனை தடவை வந்தானோ, அத்தனை தடவையும் ஒதுங்கியது. கடைசியில் பேட்டரிக்காரர் போனில் ஒரு யோசனை சொன்னார்.

"மச்சான், ராடாருக்குத் தெரியறதுக்குன்னு மாட்டியிருக்கியே, அந்தத் தகட்டை இறக்கு. விளக்கை அணைச்சிடு. முன்னாடி போய், இது வர்ற வழிக்குக் கொஞ்சம் தள்ளி இன்ஜினை நிறுத்திட்டுக் கிட. நான் ஏணில இறங்கி நிக்கறேன். பக்கத்துல வந்ததும் குதிச்சிடறேன்."

"சரி மாமா. பயப்படாதீங்க."

அதற்குள் பனி இறங்கிவிட்டது. முன்முனை ஏணியில் ஈரக் கம்பியைப் பிடித்து நின்றார். எங்கும் வெள்ளை. உப்பு வாசனை. காலடியில் தண்ணீர் பட்டுத்துணி போலப் பிரிந்தது.

"மச்சான்?"

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு மாமா. கப்பலைத்தான் காணோம்."

கப்பல் மெல்லத் திரும்பியது.

ஒதுங்கத்தான் இப்போது எதுவுமில்லையே. தன் பழைய பாதைக்குத் திரும்புகிறது.

பனிக்குள் ஒரு கருப்பு. படகு. பக்கத்தில் இல்லை. நேர் எதிரே.

"விளக்கைப் போடு! மச்சான், விளக்கு!"

"எந்தப் பக்கம் மாமா இருக்கீங்க? ஒரு சத்தமும் கேக்கலையே..."

காதில் போனும் கையில் சுருட்டிய கயிறுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் பனிக்குள் அவரைத் தேடிக்கொண்டிருந்தான்.