இரண்டு பட்டன்கள்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனவள் திரும்பி வந்தபோது, கத்தி இறங்குவதை எண்ணும் இயந்திரத்தின் எண்ணிக்கைச் சக்கரத்தில் ஒரு எண் கூடியிருந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பித்தளைக் கம்பியைப் பொடித் துண்டுகளாக நறுக்கும் அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும் அவளுக்கு அத்துப்படி. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் வரைந்தாள், அண்ணன் லேத்தில் கடைந்து பூட்டினான். உள்ளங்கை அகலத்தில் இரண்டு பச்சைப் பட்டன்கள். இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் கத்தி இறங்கும். யார் கையும் உள்ளே மாட்டக்கூடாது என்று அந்த ஒன்றுக்காக மட்டும் அண்ணனோடு மல்லுக்கு நின்றாள்.

சாயங்கால வெளிச்சம் பட்டறையின் எண்ணெய்த் தரையில் மெல்ல மங்கிக்கொண்டிருக்க, கத்தியின் பக்கமிருந்து புண்ணுக்குப் போடும் மருந்தின் வாடையும், அதற்குப் பின்னாலேயே மூக்கால் முனகும் ஒரு பழைய மெட்டும் வந்தன. வேலை நேரம் முழுக்க அந்த மெட்டை முனகுபவரைப் பாட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். போன வாரமே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

வயரில் ஏதோ கோளாறு என்று பட்டன் பெட்டியைத் திறந்தாள். இடப்பக்கப் பட்டனின் வயர்கள் இரண்டும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன. டேப்பின் நுனி மடித்திருந்தது. அப்படி மடிப்பது அண்ணன் மட்டும்தான்.

"அண்ணா!"

அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்தான். "இப்படிப் பண்ணினா ஒரு பட்டனே போதும். ஒரு கையால அமுக்கினா, இன்னொரு கையால கம்பியைத் தள்ளலாம். வேலை சீக்கிரம் முடியும்ல?"

"பாட்டுக்காரர் எங்க?"

"இடது கையில மூணு விரல் போச்சு. புண்ணு புரையோடி... முந்தாநாள் செத்துப் போயிட்டார்."

"ஊருக்குப் போயிட்டார்னு சொன்னியே!"

"உண்மையைச் சொன்னா மெஷினை நிறுத்திடுவ."

கூடப் பிறந்தவன் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தாள்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கரண்டே இல்ல, பாரு. இப்பவே சரி பண்ணிடறேன். அட, இங்க என்னவோ சிக்கியிருக்கு." அண்ணன் கத்திக்கு அடியில் கையை விட்டான்.

முனகல் நின்றது.

வலப்பக்கப் பட்டன்மேல் எண்ணெய்க் கறை படர்ந்தது. ஐந்து விரல் தடம்.

இடப்பக்கப் பட்டன். கட்டைவிரல். சுண்டுவிரல். நடுவில் ஒன்றுமில்லை.

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லையா, அவள்தான் வரவிடவில்லையா, தெரியவில்லை.

இரண்டு பட்டன்களும் ஒன்றாகத் தாழ்ந்தன. அவள் வரைந்தபடியே.